பிஸ்டன் தலையில் செராமிக் கோட்டிங்: ஜிப்ஸி எஞ்சினுக்கு வேண்டுமா, வேண்டாமா?

ஜிப்ஸி_கோவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் மாருதி ஜிப்ஸி எஞ்சினை இறக்கிப் பிரித்தாகிவிட்டது. ஜி13பிபி, 1298 சிசி, 16 வால்வு. ரீபோர் (சைலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், வால்வு வேலை எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. டர்போ கிடையாது, பங்கில் போடும் சாதாரண பெட்ரோல்தான். எப்போதாவது ஆட்டோகிராஸ், மற்ற நாட்களில் வீட்டு வண்டி.

எஞ்சின் திறந்து கிடக்கும்போதே உள்ளே வெப்பத் தடுப்பு கோட்டிங் அடித்துவிடு என்கிறார் ஒரு நண்பர். பிஸ்டன் தலை, ஹெட்டில் எரி அறை, வால்வு முகம், எக்ஸாஸ்ட் போர்ட் இவற்றுக்கெல்லாம் செராமிக். பிஸ்டன் ஸ்கர்ட்டுக்கு, அதாவது பிஸ்டனின் பக்கச் சுவருக்கு, மாலிப்டினம். கோட்டிங் அடிப்பவரிடம் பேசினேன், பத்து சதவீதம் பவர் ஏறும் என்றார். ஸ்டாக் எஞ்சின் 80 குதிரைத்திறன் என்பதால் அவர் கணக்கில் எட்டு ஏறும். உண்மையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டர்போ_தாசன் எழுதியது:

தாராளமாக அடிங்க ப்ரோ. அடிப்படை ரொம்ப எளிது. எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கிராங்குக்கு வருகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகவும் இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் வீணாகிறது. ரேடியேட்டருக்குப் போகிறதை உள்ளேயே பிடித்து வைத்தால் அது பிஸ்டனைத் தள்ளும். ட்ராக் ரேஸ் எஞ்சின்களில் இது பல வருஷப் பழக்கம். நான் கட்டிய டர்போ எஞ்சின்களில் எல்லாம் பிஸ்டன் தலைக்கு கோட்டிங் உண்டு. இதுவரை ஒரு பிஸ்டன் கூட உருகவில்லை.

லேத்_மாமா எழுதியது:

எட்டு குதிரையா? கோட்டிங் டப்பாவுக்குள் குதிரையைக் கட்டி வைத்திருக்கிறார் போல.

தம்பி, முதலில் ஒன்று கேட்டு வா. செராமிக் கோட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. ஒன்று பிளாஸ்மா ஸ்ப்ரே. சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) தூளைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி வேகமாக அடிப்பது. முதலில் நிக்கல்-குரோமியம்-அலுமினியம் கலந்த பிடிப்பு அடுக்கு, அதற்கு மேல் சிர்கோனியா. கால் மில்லி தடிமன் வரும். இன்னொன்று பெயிண்ட் மாதிரி துப்பாக்கியில் அடித்து ஓவனில் வைத்து எடுப்பது. அது முப்பது மைக்ரான் இருந்தால் அதிகம். நம் ஊரில் பைக் சைலன்சருக்கும் பிஸ்டனுக்கும் அடித்துத் தருகிறவர்களிடம் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாவதுதான். இரண்டின் குணமும் வேறு, அபாயமும் வேறு.

உரிந்து போன பிஸ்டன் ஒன்று என் லேத்துக்கு வந்தது. எந்தக் கடை அடித்தது என்று சொல்லப்போவதில்லை. சிர்கோனியா சில்லு டாப் ரிங்குக்கும் போருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, சைலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ் வரை கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு நகத்தில் தட்டும் ஆழம். பிளாக்கை அடுத்த ஓவர்சைஸ் வரை குடைய வேண்டியதாகிவிட்டது.

வெப்பவியல் எழுதியது:

மாமா சொன்ன இரண்டு சரக்கையும் எண்ணில் போட்டுப் பார்ப்போம். பிஸ்டன் அலுமினியக் கலவையின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 140 வாட்/மீட்டர்-கெல்வின். பிளாஸ்மாவில் அடித்த சிர்கோனியா நுண்துளைகள் நிறைந்தது, அதற்குச் சுமார் 1. ஆக, 0.25 மி.மீ. சிர்கோனியா அடிப்பது, வெப்பத்தைத் தடுக்கும் விஷயத்தில், பிஸ்டன் தலையை 35 மி.மீ. தடிப்பாக்குவதற்குச் சமம். பெயிண்ட் வகைக்கும் அதே கடத்துதிறன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 0.03 மி.மீ.க்கு வெறும் 4 மி.மீ. அலுமினியம்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் ஜிப்ஸி. போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5. ஒரு பிஸ்டன் தலையின் பரப்பு 43 சதுர செ.மீ., நான்குக்கும் சேர்த்து 172. முழு ஆக்சிலரேட்டரில் சராசரியாக சதுர மீட்டருக்கு 3 லட்சம் வாட் பிஸ்டன் தலைக்குள் இறங்குகிறது என்று கொள்ளுங்கள். இது தோராய எண்தான், ஆனால் நியாயமானது. நான்கு பிஸ்டனுக்கும் சேர்த்து சுமார் 5 கிலோவாட். கால் மில்லி சிர்கோனியா அடித்தால் மேற்பரப்பு ஏறக்குறைய 75 டிகிரி கூடுதலாகச் சூடாகும். வாயுவுக்கும் சுவருக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம் அந்த அளவு குறைவதால், இறங்கும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறையும். அப்படி மிச்சமாவது அரை கிலோவாட்.

அந்த அரை கிலோவாட்டும் முழுதாகக் கிராங்குக்கு வராது. பெரும்பகுதி எக்ஸாஸ்ட்டைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறினால் 0.17 கிலோவாட், அதாவது கால் குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. எரி அறைக்கும் வால்வு முகத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு குதிரையைத் தொடுவது கஷ்டம். பெயிண்ட் வகையில் இதுவும் இல்லை, மேற்பரப்புச் சூடு பத்து டிகிரி கூட ஏறாது.

இழப்புப் பக்கத்தையும் பாருங்கள். சூடான சுவர் இன்டேக் ஸ்ட்ரோக்கிலும் சூடாகத்தான் இருக்கும். உள்ளே வரும் காற்று 3 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அடர்த்தி ஒரு சதவீதம் குறைகிறது. 80 குதிரையில் ஒரு சதவீதம் 0.8. சம்பாதித்தது அங்கேயே போயிற்று.

டர்போ_தாசன் எழுதியது:

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது சார். ஆனால் டொயோட்டாக்காரன் முட்டாளா? ஃபார்ச்சூனரில் வரும் 2.8 லிட்டர் 1ஜிடி டீசலில் கம்பெனியிலேயே பிஸ்டன் தலைக்கு வெப்பத் தடுப்பு கோட்டிங் இருக்கிறது. அதிகபட்ச வெப்பத் திறன் 44 சதவீதம் என்று 2015-ல் அவர்களே அறிவித்தார்கள். லாபம் இல்லாமலா செய்வார்கள்?

மதுரை_டீசல் எழுதியது:

நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன் அண்ணே. ஆனால் அது டீசல். ஜிப்ஸி பெட்ரோல். டீசலில் சுவர் சூடாக இருந்தால் எரிபொருள் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். பெட்ரோலில் அதே சூடு நாக்கிங் ஆகிவிடும், அதாவது ஸ்பார்க்கின் தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டும்.

அப்புறம் இன்னொன்று. வெப்பத் தடுப்பு கோட்டிங் எல்லாருடைய எஞ்சினிலும் ஏற்கெனவே இருக்கிறது, இலவசமாக. அதன் பெயர் கார்பன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடின பெட்ரோல் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள், பிஸ்டன் தலை முழுக்கக் கறுப்பாக அப்பியிருக்கும். நுண்துளை நிறைந்தது, வெப்பத்தைக் கடத்தாது. கோட்டிங் விற்பவர் சொல்லும் குணம் எல்லாம் அதற்கு உண்டு. அந்த எஞ்சின் பவரா ஏறுகிறது? மேட்டில் டக்டக் என்று தட்டுகிறது. கார்பனைச் சுரண்டி எடுத்தால் தட்டல் நிற்கிறது.

வெப்பவியல் எழுதியது:

கார்பன் உதாரணம் அருமை. அந்தப் படிவு காரணமாக ஒரே எஞ்சினுக்கு நாளாக ஆக அதிக ஆக்டேன், அதாவது நாக்கிங்கை அதிகம் தாங்கும் பெட்ரோல், தேவைப்படுவது ஆய்வுக்கூடங்களில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். படிவு எரி அறையின் இடத்தை அடைத்து கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்றுவதும் ஒரு காரணம். ஆனால் சூட்டைப் பிடித்து வைத்து அடுத்து உள்ளே வரும் கலவைக்குக் கொடுப்பது பெரிய காரணம்.

தாசன் கேட்டதற்கு வருகிறேன். டொயோட்டா செய்தது வேறு. அது புரிய வேண்டுமென்றால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1970-களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் கம்மின்ஸ் என்ற டீசல் எஞ்சின் நிறுவனமும் ராணுவத்தின் வாகன ஆய்வுப் பிரிவும் சேர்ந்து, வெப்பமே வெளியே போகாத எஞ்சின் ஒன்றைக் கட்ட முயன்றார்கள். ராய் காமோ, வால்டர் பிரிசிக் என்ற இருவர் பெயர் அதோடு சேர்த்தே பேசப்படும். சிர்கோனியா பூசிய டீசல் எஞ்சினை ஐந்து டன் ராணுவ லாரியில் வைத்து, ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஓட்டியும் காட்டினார்கள். ராணுவத்துக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. குண்டு பட்டால் முதலில் போவது ரேடியேட்டர்தானே. உலகம் முழுக்க எஞ்சின் ஆய்வகங்கள் செராமிக் பக்கம் ஓடிய காலம் அது.

1987-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் வொஷ்னி ஒரு கட்டுரையில் அந்த உற்சாகத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் வெப்பக் கடத்தலுக்கு இன்றும் எல்லாரும் பயன்படுத்தும் சமன்பாடு இவருடையதுதான். வெப்பத் தடுப்பு வைத்த எஞ்சினில் எரிபொருள் செலவு குறைவதற்குப் பதில் கூடுவதை அவர் அளந்து காட்டினார். சுவர் மிகவும் சூடானால் வாயு சுவரோடு வெப்பம் பரிமாறும் வேகமே கூடிவிடுகிறது என்பது அவர் விளக்கம். இதில் பிற்பாடு நிறையச் சண்டை நடந்தது. ஆனால் வாக்களித்த லாபம் கைக்கு வரவில்லை என்பதில் சண்டை இல்லை. மிஞ்சிய வெப்பம் எக்ஸாஸ்ட்டுக்குத்தான் போனது. அதை மீட்க இன்னொரு டர்பைனை வைத்து கிராங்கோடு கோர்க்க வேண்டியிருந்தது.

டொயோட்டாவின் சரக்கில் சிர்கோனியா கிடையாது. பிஸ்டன் அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆனோடைஸ் செய்து (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடாக்கி) நுண்துளை நிறைந்த மெல்லிய அடுக்காக்கி, அதன் மேல் சிலிக்கா பூசி உறுதிப்படுத்தியது. தடிமன் நூறு மைக்ரான் அளவுக்குள். முக்கியமான விஷயம், அதற்கு வெப்பக் கடத்தல் குறைவு என்பதோடு வெப்பத்தைச் சேமித்து வைக்கும் திறனும் குறைவு. எரியும் நொடியில் மேற்பரப்பு சட்டென்று சூடேறுகிறது, அதனால் வெப்பம் உள்ளே இறங்குவதில்லை. இன்டேக் காற்று வரும்போது அதே வேகத்தில் ஆறிவிடுகிறது, அதனால் காற்று சூடேறுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் வாயுவின் வெப்பத்தைத் துரத்திக்கொண்டே ஏறி இறங்கும் சுவர். கால் மில்லி சிர்கோனியா இதைச் செய்யாது. அது மண்சட்டி மாதிரி. சூடேறினால் அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கொண்டு எரியும் நேரத்து வெப்ப இழப்பை 30 சதவீதம் வரை குறைத்ததாக டொயோட்டா சொன்னது. அதுவும் டீசலில், கம்பெனி ஆய்வகத்தில், அந்த பிஸ்டனுக்காகவே வடிவமைத்த அடுக்கில். கடையில் துப்பாக்கியால் அடித்து அதை நகல் எடுக்க முடியாது.

புதுக்கை எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சிர்கோனியா ஏன் உரிகிறது? விமான எஞ்சின் பிளேடில் அதே சிர்கோனியாதானே அடிக்கிறார்கள், அங்கே உரியாதா?

வெப்பவியல் எழுதியது:

அங்கேயும் உரியும். அதனால்தான் ஓவர்ஹாலில் கழற்றி மறுபடி அடிக்கிறார்கள். ஆனால் அங்கே பூசுவது நிக்கல் கலவை மேல். நிக்கல் கலவையின் வெப்ப விரிவு சிர்கோனியாவுக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கிறது. பிஸ்டன் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 74 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் தலை 200 டிகிரி சூடேறினால் அலுமினியம் 0.31 மி.மீ. விரியும். அதே அகலத்தில் சிர்கோனியா 0.15 தான் விரிய ஆசைப்படும். மிச்சம் முழுக்க ஒட்டியிருக்கும் இடத்தில் இழுவிசை. ஸ்டார்ட் செய்யும்போது ஒரு தடவை, ஆஃப் செய்யும்போது ஒரு தடவை. நாக்கிங் அதிர்ச்சி வேறு. ஓரங்கள் கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் பிளவு தொடங்கும்.

சுத்தமான சிர்கோனியாவுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. சுமார் 1170 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறிக் கன அளவும் மாறும். அதைத் தடுக்கத்தான் 7-8 சதவீதம் யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) சேர்க்கிறார்கள். பிஸ்டன் அந்தச் சூட்டுக்குப் போகாது, தூள் வாங்கும்போது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

டர்போ_தாசன் எழுதியது:

சரி, பவர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். நான் அடிப்பதும் பவருக்காக மட்டும் இல்லை. அதிக பூஸ்ட் வைத்து முழு ஆக்சிலரேட்டரில் நிற்கும்போது ஏதோ ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் அந்த சைலிண்டரில் எரிபொருள் குறைந்து கலவை லீனாகிவிடும். வெறும் அலுமினியம் அந்த நேரத்தில் மெழுகு. கோட்டிங் இருந்தால் ஆக்சிலரேட்டரை விடும் வரை தாங்கும். நாக்கிங்கின்போது பிஸ்டன் தலை மேல் இருக்கும் மெல்லிய வாயு அடுக்கு கலைந்து, வெப்பம் நேராக உலோகத்துக்குள் பாய்கிறது. பிஸ்டன் போவது அப்படித்தான். அந்தக் கதவை மூடி வைப்பதில் என்ன தப்பு? ஜாக்கிரதைக்காக அடிப்பதும் ஒரு காரணம்தானே.

வெப்பவியல் எழுதியது:

உங்கள் எஞ்சினில் அது நியாயம். பந்தயத்துக்கான எரிபொருள், பெரிய இன்டர்கூலர், சுற்று முடிந்தால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எல்லாம் இருக்கிறது. பங்க் பெட்ரோலில் ஓடும் வீட்டு வண்டிக்கு அதே வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உலோகம் ஆறுகிறது, ஆனால் வாயு தொடும் மேற்பரப்பு சூடேறுகிறது. நாக்கிங்குக்கு எதிராக வைத்த காவலாளியே நாக்கிங்கைக் கூப்பிடுகிறான். அதனால் ஸ்பார்க் டைமிங்கை ஒரு டிகிரி பின்னே தள்ள வேண்டி வந்தால், கோட்டிங் கொடுத்த கால் குதிரையைப் போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும்.

டர்போ_தாசன் எழுதியது:

டைமிங்கைத் தள்ள வேண்டி வரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெயிண்ட் வகையில் மேற்பரப்பு பத்து டிகிரி கூட ஏறாது என்று மேலே நீங்களே கணக்குப் போட்டீர்கள். பத்து டிகிரி ஏறாததால் பவர் வராது என்றால், அதே பத்து டிகிரியால் நாக்கிங்கும் வராது. இரண்டு பக்கமும் பேசக் கூடாது சார்.

வெப்பவியல் எழுதியது:

சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன், பெயிண்ட் வகையில் நாக்கிங் பயம் பெரிதல்ல. ஆனால் அப்போது நீங்கள் சொன்ன பாதுகாப்பும் இல்லை, செலவு மட்டும்தான்.

லேத்_மாமா எழுதியது:

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருங்கள், பையன் எஞ்சின் பிரிந்து கிடக்கிறது. வேலைக்கு ஆகிறதைச் சொல்கிறேன்.

தம்பி, காசு செலவழிக்க வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் பக்கம் செலவழி. வெளியே போகிற வாயுவின் சூடு திரும்ப எரி அறைக்கு வரப்போவதில்லை, அதனால் அங்கே வெப்பத்தைத் தடுத்தால் நாக்கிங் பயம் இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் அடித்தால் ஹெட்டுக்குள் இறங்கும் சூடு குறையும், கூலிங் சிஸ்டத்துக்கு நிம்மதி. போர்ஷே 944 டர்போவில் கம்பெனியே எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் செராமிக் குழாய் வைத்துத்தான் ஹெட்டை வார்த்தார்கள். பிளாஸ்மா சுடர் நேர்கோட்டில்தான் போகும், வளைந்த போர்ட்டுக்குள் எட்டாது. அங்கே பெயிண்ட் வகைதான் வழி. மேனிஃபோல்டுக்கு உள்ளும் வெளியும் அடி. பானட்டுக்குள் சூடு குறைவதைக் கையை வைத்தே உணரலாம். ஏர் ஃபில்டருக்குப் போகிற காற்றும் குளிர்ச்சியாகப் போகும், சார் சொன்ன அந்த 3 டிகிரி கணக்கு இங்கே உனக்குச் சாதகமாகத் திரும்பும். துணி நாடா சுற்றாதே. மழையிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டியில் அது தண்ணீரைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயைத் தின்றுவிடும்.

வால்வுக்கு அடிப்பதானால் எரி அறையைப் பார்க்கும் முகத்துக்கு மட்டும். சீட்டில் உட்காரும் வளையத்தில் ஒரு துளி படக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது. அந்த வழியை அடைத்தால் வால்வு கருகும்.

ஸ்கர்ட் கோட்டிங் வேறு ஜாதி. அது வெப்பத்தைத் தடுக்க இல்லை, உராய்வைக் குறைக்க. பிசினில் கலந்த கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு. பத்து இருபது மைக்ரான்தான் இருக்கும். இன்று கம்பெனி பிஸ்டன் வாங்கினாலே பாதிக்கு மேல் கறுப்புப் பட்டையோடுதான் வருகிறது. காலையில் குளிர் ஸ்டார்ட்டில் ஆயில் ஏறும் வரை காப்பாற்றும். இதை அடி, வருத்தப்பட மாட்டாய்.

மதுரை_டீசல் எழுதியது:

ஆயில் ஒட்டாத கோட்டிங் என்று ஒன்றையும் சேர்த்து விற்பார்கள் மாமா. கிராங்க் வெயிட்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் அடித்தால் ஆயில் வழுக்கி சம்ப்பில் விழும், சரி. அதையே பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். பிஸ்டனின் அடியில் ஆயில் பட்டுத்தான் சூடு இறங்குகிறது. டீசலில் அதற்கென்றே ஜெட் வைத்து ஆயிலைப் பீய்ச்சுகிறோம்.

ஜிப்ஸி_கோவை எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பிஸ்டன் தலையை அப்படியே விட்டுவிடுகிறேன். எக்ஸாஸ்ட் போர்ட், மேனிஃபோல்ட், ஸ்கர்ட் மூன்றும் செய்யலாம் என்று இருக்கிறேன். தாசன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், டர்போ வைத்தால் உங்களிடம்தான் வருவேன்.

இரண்டு கேள்வி பாக்கி. கோட்டிங்குக்கு முன்னால் மணல் அடிப்பார்களே, போர்ட்டில் ஏதாவது பிரச்சினை வருமா? அப்புறம், ஒருவேளை பிஸ்டன் தலைக்கு கால் மில்லி அடித்திருந்தால் கம்ப்ரஷன் எவ்வளவு மாறியிருக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வெப்பவியல் எழுதியது:

43 சதுர செ.மீ. பரப்பில் 0.25 மி.மீ. என்றால் 1.07 சிசி. ஒரு சைலிண்டர் 324.7 சிசி. கம்ப்ரஷன் 9 என்று கொண்டால் எரி அறை மொத்தம் 40.6 சிசி. அது 39.5 ஆகும், கம்ப்ரஷன் 9.2. எரி அறைக் கூரையிலும் அடித்தால் இன்னும் ஏறும். கோட்டிங் அடித்துப் பவர் ஏறியது என்பவர்களில் சிலருக்கு உண்மையில் வேலை செய்தது இந்த 0.2 தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த 0.2 வேண்டுமென்றால் ஹெட்டின் அடிமுகத்தை லேசாகச் சீவி ஃபேஸ் செய்தாலே வரும், செலவும் குறைவு.

டர்போ_தாசன் எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை ப்ரோ. ஆனால் மேனிஃபோல்டுக்கு அடித்த பிறகு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது நேராக முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள். ஐடிலில் கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி ஓட்டுங்கள். புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம்.

லேத்_மாமா எழுதியது:

மணல் கேள்விக்கு: அடிப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு தூள். தேய்ப்புக் காகிதத்தில் இருக்கும் அதே சரக்கு. ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் பேரிங் போய்விடும். ஹெட்டை அனுப்பும்போது வால்வு, கைடு சீல் எல்லாம் கழற்றிவிட்டு, வாட்டர் ஜாக்கெட் ஓட்டை, ஆயில் ஓட்டை, கைடு ஓட்டை எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பு வைத்து நீயே மூடிக் கொடு. அவன் மூடுவான் என்று விடாதே. சீட்டை கோட்டிங்குக்குப் பிறகு ஒரு தடவை லேப் போட்டு, அதாவது வால்வைப் பேஸ்ட் தடவித் தேய்த்து, பொருந்துகிறதா என்று பார். பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்கும் பின் ஓட்டைக்கும் டேப் சுற்றியிருக்கிறானா என்று கேள். திரும்பி வந்ததும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, ரிங் பள்ளத்தில் காற்று அடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவு.

ஸ்கர்ட் அளவை கோட்டிங்குக்கு முன்னால் மைக்ரோமீட்டரில் எடுத்து ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனியாக எழுதி வை. போரை ஹோன் பண்ணுகிறவரிடம் அந்தக் காகிதத்தையும், எத்தனை மைக்ரான் அடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கொடு. கோட்டிங்கோடு அளக்கிறதா, இல்லாமல் அளக்கிறதா என்பதை பிஸ்டன் பெட்டியில் வரும் தாள் சொல்லும். தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் குப்பைத் தொட்டியில் தேடு.